வாய் வைக்காத குழாய்

உரிய அதிகாரியின் எழுத்துமூல அனுமதி இன்றி, வெறியூட்டக்கூடிய எந்தப் பானத்தையும் எவரும் தமது வளவில் புளிக்கவைத்தல் ஆகாது. சட்டப் புத்தகத்தில் இது இன்னும் நீளமான வாக்கியம், நான் சுருக்கியிருக்கிறேன். மருந்துக்கென்று செய்வதற்கு விலக்கு உண்டு. அந்த விலக்கு தனக்குப் பொருந்துமா என்று அறிய விரும்புபவர் எழுதிக் கேட்க வேண்டும். எழுதிக் கேட்டவர் பதில் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். அரசாங்கக் கந்தோர்களில் கோப்புகளோடு வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்து இளைப்பாறியவள் என்ற முறையில் சொல்கிறேன், இந்த மூன்று படிகளிலும் சட்டம் மிகத் தெளிவாக இருக்கிறது. சாடிக்குள் கிடக்கும் பழத்துக்குத்தான் அது தெரியாது. நாங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்போது அது காத்திருப்பதில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. தெல்லிப்பழைப் பக்கம், செம்மண் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் வீடு. அப்பா கந்தோரில் கிளாக்கர். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்கள் வளவின் பின்பக்கத்தில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு, பக்கத்துக் காணியில் திராட்சைப் பந்தல் வைத்திருந்தார். திராட்சையை எங்கள் பக்கத்தில் முந்திரிகை என்போம். வெளிநாட்டுப் பழங்கள் வருவது நின்றிருந்த காலம் ஆகையால் கொழும்பு வியாபாரிகள் லொறியோடு வாசலில் வந்து நிற்பார்கள். மாமாவின் பந்தல் முதல்முறை காய்த்துப் பழுத்த வாரத்தில், காலம் தப்பிய மழை மூன்று நாள் பெய்தது. பழமெல்லாம் வெடித்துவிட்டது. வந்த லொறிக்காரர் ஒரு குலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இறங்காமலே போய்விட்டார்.

மாமா குடியை விட்டு அப்போது நாலு மாதம். அம்மாவின் தலையில் கைவைத்து, இனி ஒரு சொட்டும் வாயில் படாது என்று சத்தியம் செய்திருந்தார். முந்திய வருஷம் நட்டுப் பாதியில் கவனியாமல் விட்டிருந்த அந்தப் பந்தலே அந்தச் சத்தியத்துக்குப் பிறகு அவர் பிடித்துக்கொண்ட கொழுகொம்புதான். பந்தல் கைவிட்டால், வன்னியில் காடு வெட்டும் பழைய கூட்டாளிகளிடம் போய்விடுவார்; போனால் முதல் நாளே போத்தலும் கையுமாக இருப்பார். இது அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், மாமாவுக்கு எல்லாரிலும் நன்றாகத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமா இப்போது ஒவ்வொரு நாளும் பொழுதுபடமுன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார் என்பதும், அம்மா கேட்காமலே அவருக்கு இரண்டாம் தரம் சோறு போடுகிறார் என்பதும்தான்.

வெடித்த பழத்துக்கு வழி சொன்னவர் ஊர் வைத்தியரான பரியாரியார். ஊர் வைத்தியத்தில் திராட்சாரிஷ்டம் என்று ஒன்று உண்டு. பழச்சாற்றோடு பனங்கட்டியும் ஏலமும் கறுவாவும் இன்னும் சில பூவும் பட்டையும் சேர்த்துச் சாடியில் மூடிவைத்தால், தானே புளித்து மருந்தாகும். மாரி தொடங்க, இருமல்காரர்கள் அவர் வாசலில் வந்து வரிசை கட்டுவார்கள்.

“நல்லாத் தெளிஞ்சு கண்ணாடி மாதிரி வந்தால் நான் எடுக்கிறன், தம்பி. இனி வாற போகமெல்லாம் உன்ரை பழம்தான் எனக்கு. ஆனால் கலங்கலைக் கொண்டு வந்து நீட்டாதை. கலங்கலைக் குடுத்தா என்ரை சனம் இருமலோடை வயித்தோட்டத்தையும் கொண்டு வரும்.”

கண்ணாடிச் சாடிகள் இரண்டையும், ஒரு முழ நீளக் கண்ணாடிக் குழல் ஒன்றையும் அவரே கொடுத்தார். முப்பது போத்தல் கொள்ளும் சாடி. மாமா அதைக் கொட்டிலில் ஒரு தாழ்ந்த பலகையின் மேல் வைத்து நிரப்பினார். நாலாம் நாள் அது பேசத் தொடங்கியது. கிட்டப் போய்க் காது கொடுத்தால், தூரத்தில் சோறு கொதிப்பது போலக் கேட்கும்.

குடியை விட்ட மனிதரின் கையில் முப்பது போத்தல் அரிஷ்டத்தைக் கொடுப்பது எந்த வைத்தியத்தில் சேர்த்தி என்று அம்மா பரியாரியாரைக் கேட்கவில்லை. அப்பாவைத்தான் கேட்டார். அப்பா நேரே பதில் சொல்லாமல் மாமாவைக் கூப்பிட்டார்.

“தம்பி, உதுக்குச் சட்டம் இருக்கு, தெரியுமே?”

“மருந்துதானே அத்தான்.”

“மருந்தெண்டு நீர் சொல்லக் கூடாது. அவங்கள் சொல்ல வேணும்.”

அன்று மாலை அப்பா மேசையில் இருந்து விண்ணப்பம் எழுதினார். விண்ணப்பதாரர் மாமா, கீழே, அவரை அறிந்தவர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரும் பதவியும். பொருள், அளவு, நோக்கம், வைக்கப்படும் இடம் எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டன. விண்ணப்பதாரரின் நடத்தை என்ற இடத்தில் பேனை நின்றது. ‘இவர் மதுப் பழக்கம் அற்றவர் என உறுதிப்படுத்துகிறேன்’ என்று ஒரு தாளில் எழுதிக் கிழித்தார். இன்னொன்றில் எழுதிப் பார்த்து அதையும் கிழித்தார். மூன்றாவதில் அதே வாக்கியத்தை, ஒரு சொல்லும் மாற்றாமல், எழுதிக் கையெழுத்து வைத்தார். கையெழுத்து அழகாக வரவில்லையாக்கும் என்று நான் நினைத்தேன். தனக்குத் தெரியாத ஒன்றுக்கு அப்பா தன் வாழ்நாளில் வைத்த ஒரே கையெழுத்து அதுதான். மாமா ஒரு வாய் குடித்தால் அந்தக் கடிதம் பொய். பொய்க் கடிதத்தில் ஒப்பமிட்ட கிளாக்கருக்கு என்ன நடக்கும் என்பதற்கும் தனியாக ஒரு விதி இருந்தது.

கடிதம் போனது. பதில் வரவில்லை. சாடியின் அடியில் இரண்டு அங்குலத்துக்கு வண்டல் படிந்தது. அதன்மேல் நாளாக நாளாகக் கிடந்தால் சாறு கசந்துவிடும். வண்டல் கலையாமல் மேலே தெளிந்ததை மட்டும் மற்றச் சாடிக்கு மாற்ற வேண்டும். சாடியைச் சரித்து ஊற்றிப் பார்த்தார்கள். அரைப் போத்தல் வருமுன் அடியெல்லாம் எழும்பி, பாத்திரத்தில் விழுந்தது வெள்ளத்து நிறத்தில் இருந்தது. சாடியை நிமிர்த்தி, திரும்பப் படிய ஒரு கிழமை, முழுதாய் ஏழு நாள், விட்டார்கள்.

பிறகுதான் குழாய் வந்தது. கண்ணாடிக் குழலைச் சாடிக்குள் இறக்கி, அதன் மேல்முனையில் ரப்பர் குழாயைச் செருகி, மறுமுனையை நிலத்தில் வைத்த சாடிக்குள் விட்டால் சாறு தானே ஏறி இறங்கும். ஆனால் தொடக்கத்தில் யாராவது ஒருவர் அதை இழுத்துவிட வேண்டும். லொறிக்காரர்கள் பெற்றோலுக்குச் செய்வது போல, வாயால். ஒரு நொடி வேலை. மாமாவே மண்ணெண்ணெய்ப் பீப்பாவிலிருந்து அப்படி எத்தனையோ தரம் இழுத்ததை நான் கண்டிருக்கிறேன்.

“வாய் வைக்கக் கூடாது. முழுச் சாடியும் எச்சிலாய்ப் போயிடும்” என்றார் அம்மா.

“ஓம் ஓம், எச்சில்” என்றார் அப்பா, வழக்கத்தை விட வேகமாக.

மாமா குழாயைச் சுருட்டி மூலையில் வைத்தார்.

எங்கள் வீட்டில் எச்சில் என்பது சட்டத்தை விடப் பெரியது. அண்ணாந்து குடிக்காமல் செம்பில் வாய் வைத்ததற்கு நான் அடி வாங்கியிருக்கிறேன். ஆகவே அந்தக் காரணத்தை நான் முழுமையாக நம்பினேன்.

வாய் இல்லாவிட்டால் பம்பு. அப்பா கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சரிடம், மண்ணெண்ணெய் இறைக்கும் கைப்பம்பு ஒன்றை இரவல் வாங்கி வந்தார். சுடுதண்ணீரும் சாம்பலும் தேசிக்காயும் போட்டு அம்மா அதை மூன்று தரம் கழுவினார். மூன்றாம் தரமும் மண்ணெண்ணெய் மணத்தது.

“உதாலை இறைச்சால் இருமல்காரருக்கு நெருப்புக்குச்சியும் சேர்த்துக் குடுக்க வேண்டி வரும்” என்றார் மாமா. “என்னட்டை மருந்தடிக்கிற பம்பு இருக்கு அத்தான்.”

“வெங்காயத்துக்கு நஞ்சடிக்கிற பம்போ? விசரே உமக்கு?”

“அதாலை அடிச்சு ஒரு பூச்சியும் சாகேல்லை. மனிசர் சாகப் போறாங்களே?”

அப்பா சிரிக்கவில்லை. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். கடைசியில் மாமா எங்கிருந்தோ புதிதாய் ஒரு கைப்பம்பு கொண்டு வந்தார். அது இரண்டு தரம் இழுத்தது. மூன்றாம் தரம் அடியில் இருந்த வால்வுக்குள் ஒரு திராட்சைத் தோல் போய் அகப்பட்டு, மூட வேண்டிய வாய் மூடாமல், இழுத்ததெல்லாம் திரும்பச் சாடிக்குள் இறங்கியது. இறங்கிய வேகத்தில் வண்டல் மறுபடி எழும்பியது. இன்னொரு கிழமை.

இப்போது மாமாவுக்குத் தோட்டத்துப் புத்தி வந்தது. கிணற்றடியில் நீர் இறைக்கும் மெசினை யாரும் வாயால் இழுத்துத் தொடக்குவதில்லை. அதற்குள் முதலில் தண்ணீர் விட்டு நிரப்புவோம். தண்ணீர் தண்ணீரை இழுக்கும். அதே போல ரப்பர் குழாயையும் கண்ணாடிக் குழலையும் கொதித்தாறிய தண்ணீரால் நிரப்பி, இரு முனையையும் பெருவிரல்களால் பொத்திக்கொண்டு, ஒன்றைச் சாற்றுக்குள்ளும் ஒன்றை வெளியிலும் விட்டார். முதலில் வந்த தண்ணீரை ஒரு சிரட்டையில் பிடித்து ஊற்றினார். பின்னால் சிவப்பாகச் சாறு வந்தது. நான் கை தட்டினேன். மூன்று போத்தல் அளவு ஓடியிருக்கும். நின்றுவிட்டது.

மீண்டும் நிரப்பினார். மீண்டும் மூன்று போத்தல். நின்றது.

அப்பா ஒரு தாளை எடுத்து, முறைப்பாடு, சாத்தியமான காரணம், பரிகாரம் என்று மூன்று பத்தியாகக் கோடு கிழித்தார். காரணம் என்ற பத்தியில் ‘குழாயில் ஒழுக்கு?’ என்று எழுதி, குழாயைக் கழற்றி, ஒரு முனையை மூடி, மறுமுனையால் தண்ணீர் விட்டுப் பார்த்தார். ஒரு சொட்டும் ஒழுகவில்லை. ‘ஒழுக்கு இல்லை’ என்று எழுதி, திகதியும் போட்டார்.

“அத்தான், தள்ளேக்கை ஒழுகாது. இழுக்கேக்கை காத்து உள்ளுக்குப் போகும். மெசினிலை எத்தினை தரம் பட்டிருக்கிறன். வெளியிலை ஈரமே தெரியாது, உள்ளுக்கு மூச்சு வாங்கும்.”

கண்ணாடியும் ரப்பரும் சேரும் இடத்தை அவர் நூலால் இறுக்கிச் சுற்றி, அதன்மேல் தேன்மெழுகை உருக்கிப் பூசினார். அப்பா தன் பத்தியில் எழுதியதை வெட்டவில்லை. பக்கத்தில் ‘காற்று’ என்று சேர்த்தார். அடுத்த தரம் ஆறு போத்தல் ஓடியது. பிறகு அதுவும் நின்றது.

கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் கொட்டிலுக்குள் போய் இருப்பேன். அப்பாவும் கந்தோரால் வந்த கையோடு, சட்டையைக் கூட மாற்றாமல், அங்கே ஒரு ஸ்டூலில் இருப்பார். விதிப்படி நடக்கிறதா என்று பார்க்க இருக்கிறார் என்று நினைத்தேன்.

ஒரு பின்னேரம் அப்பா வரப் பிந்திவிட்டது. மாமா குழாயை நிரப்பி விட்டார், நின்றது. நிரப்பினார், நின்றது. குழாயின் மிக உயர்ந்த வளைவில், சின்னச் சின்னக் குமிழிகள் வந்து ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு பெரிய வெறுமையாக நிற்பது ரப்பரை நசித்துப் பார்த்தால் தெரிந்தது. மாமா முனையைக் கீழே போட்டுவிட்டுத் தூணில் சாய்ந்தார். களைப்பு என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாய் இருந்தது. குழாயின் முனையை எடுத்தேன்.

“மாமா, நான் ஒருக்கா இழுத்துவிடட்டே? ஆருக்கும் சொல்ல மாட்டன்.”

முனை என் வாய்க்குக் கிட்டப் போகவில்லை. அதற்குள் அவர் அதைப் பறித்த வேகத்தில் ரப்பர் என் கன்னத்தில் சுளீரென்று பட்டது. சாறு பாவாடையெல்லாம் தெறித்தது.

“விடு! இதிலை வாய் வைக்காதை! ஒருநாளும் வைக்காதை!”

மாமா என்னிடம் குரல் உயர்த்தியதே இல்லை. நான் அழுதுகொண்டு ஓடி, அம்மாவிடம் முறையிட்டேன். அம்மா என் கன்னத்தைப் பார்க்காமல், பாவாடையை முகர்ந்து பார்த்தார். பிறகு சம்பந்தமில்லாமல் ஒரு கேள்வி கேட்டார்.

“மாமா வாய் வைச்சவரோ?”

“என்னையே விடேல்லை. அவர் எப்பிடி வைப்பார்?” என்று கத்தினேன். எனக்கு அடி பட்டிருக்க, எச்சிலைப் பற்றிக் கவலைப்படும் ஒரு தாயை நினைத்து நான் இரண்டு நாள் சாப்பாட்டில் கோபம் காட்டினேன். மூன்றாம் நாள் பிட்டும் மாம்பழமும் வந்ததால் முறைப்பாட்டை மீளப் பெற்றுக்கொண்டேன்.

மாமாவோடு மட்டும் கதைக்கவில்லை. ஆனாலும் வேலிப் பக்கத்தால் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு நாள் முழுக்கச் சாடியில் காதை வைத்தபடி இருந்தார்.

“இன்னும் கதைக்குது அத்தான். உள்ளுக்குக் காத்து உண்டாகிக்கொண்டிருக்கு. அதுதான் வளைவிலை போய் நிக்குது. வாய் ஓயட்டும்.”

“எவ்வளவு நாள்?”

“அதுக்குத் தெரியும்.”

அப்பாவுக்கு இது பிடித்த பதில் அல்ல. எழுத இடமில்லாமல் தாளை மடித்து வைத்தார். தபாற்காரரை ஒவ்வொரு நாளும் கேட்டார். இல்லை. பரியாரியார் ஆள் விட்டுக் கேட்டார்; மழை தொடங்கிவிட்டது, இருமலும் தொடங்கிவிட்டது, இந்த ஞாயிறு தெளிந்தது வராவிட்டால் வேறு இடத்தில் எடுப்பதாகச் சொன்னார். மாமா கொட்டிலில் தன் துணிகளைத் தோய்த்து மடித்து ஒரு பையில் வைத்திருப்பதை அம்மா கண்டுவிட்டு வந்து, தேங்காய் துருவினார்.

ஞாயிறு காலை சாடி மௌனமாக இருந்தது. சாறு, ஒரு மாணிக்கக் கல்லினூடாகப் பார்ப்பது போலத் தெளிந்திருந்தது. ஆனால் பலகை தாழ்வு. நிலத்தில் நின்ற சாடிக்கும் அதற்கும் உயர வித்தியாசம் போதாது. கீழே நிரம்ப நிரம்ப ஓட்டம் மெலிந்து நின்றுவிடும். மேல் சாடியைத் தூக்கி உயரத்தில் வைக்கலாம் என்றார் அப்பா. தூக்கினால் வண்டல் எழும்பும்.

மாமா போய் மண்வெட்டியை எடுத்து வந்தார். கொட்டிலின் நடுவே, முழங்கால் ஆழத்துக்கும் மேலாகக் குழி வெட்டி, மற்றச் சாடியை அதற்குள் இறக்கினார். மேலே உள்ளதை உயர்த்த முடியாவிட்டால் கீழே உள்ளதைத் தாழ்த்துவது. தோட்டக்காரருக்கு அது பெரிய விஷயமில்லை. அப்பா கிழித்த மூன்று பத்தியிலும் இந்தப் பரிகாரம் இருக்கவில்லை. மாமா குழாயையும் வெட்டிக் குறைத்து, வளைவு சாடியின் கழுத்தை ஒட்டினாற்போல் நிற்கச் செய்தார்.

அப்போது அப்பா ஸ்டூலில் இருந்து எழுந்தார்.

“நான் வீட்டை போறன். நீர் முடிச்சுப்போட்டுக் கூப்பிடும்.”

மாமா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அப்பா திரும்பிப் பார்க்காமல் நடந்தார். குசினி வாசலில் அம்மா அவரை மறித்தார்.

“இஞ்சாருங்கோ, தனிய விட்டிட்டே வந்தனீங்கள்?”

“ஓம்.”

“ஏன்?”

“நான் எழுதிக் குடுத்திருக்கிறன். பிறகு பக்கத்திலை நிண்டு காவல் பாத்தால், எழுதினதுக்கு என்ன அர்த்தம்?”

எனக்கு விளங்கவில்லை. கடிதம் கந்தோருக்குத்தானே எழுதினார். அதற்கும் ஸ்டூலுக்கும் என்ன சம்பந்தம்? கோபத்தில் இருந்தாலும் முடிவு பார்க்க ஆசை. கொட்டிலின் கிடுகு மறைப்பின் இடுக்கால் கண்ணை வைத்தேன்.

மாமா குழாயின் முனையைக் கையில் பிடித்தபடி இருந்தார். முந்திய ஓட்டத்தின் மிச்சம் அதில் இருந்திருக்க வேண்டும். ஒரு சொட்டு முனையில் திரண்டு தொங்கியது. அவர் அதையே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மூக்கு விரிந்து சுருங்கியது. ஒரு சொட்டை ஒருவர் இவ்வளவு நேரம் பார்ப்பதைக் கண்டு, ஏதோ புதுப் பிழை கண்டுபிடிக்கிறார் என்று நானும் கண்ணைக் கூர்மையாக்கினேன். சொட்டு தானாக விழுந்தது. மண் குடித்தது.

“பிள்ளை, எட்டிப் பாக்கிறதை விட்டிட்டுத் தண்ணிச் செம்பை எடுத்துக்கொண்டு வா.”

நான் எடுத்துப் போனேன். குழாயை நிரப்பினோம். பெருவிரல்களை எடுத்தார். சிரட்டையில் தண்ணீர், பிறகு வெளிர்சிவப்பு, பிறகு சிவப்பு. குழிக்குள் இருந்த சாடியில் அது சத்தமில்லாமல் ஏறியது. முன்பு வடிந்ததோடு சேர்த்து இருபது போத்தல் அளவு. இருபத்தைந்து. நிற்கவில்லை. வண்டலுக்கு இரண்டு விரல் மேலே வந்ததும் மாமாவே குழாயை நசித்து நிறுத்தினார். அப்பாவைக் கூப்பிடச் சொன்னார். அப்பா வந்து பார்த்து, “சரி” என்றார். அந்தச் சொல்லை அவ்வளவு மெதுவாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

பரியாரியார் அன்று பின்னேரமே வந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஒரு கரண்டி வாயில் விட்டுக் கண்ணை மூடினார். மாமா அவர் முகத்தையே பார்த்தபடி நின்றார்.

“எப்பிடி இருக்குது, ஐயா?”

“என்னட்டையோ கேக்கிறாய்? செய்தவன் நீ. குடிச்சுப் பாக்கேல்லையே?”

“எனக்கு இனிப்பு ஒத்துவராது.”

காலையும் மாலையும் பனங்கட்டியைக் கடித்துக் கடித்துத் தேத்தண்ணீர் குடிக்கிற மனிதர்! வாயைத் திறக்கப் போன என் தோளை அம்மா பின்னாலிருந்து பிடித்து அழுத்தினார். பரியாரியார் ஒரு கணம் மாமாவை உற்றுப் பார்த்தார். பிறகு, “நல்லா வந்திருக்கு, தம்பி. அடுத்த போகத்துக்கு இன்னொரு சாடி தாறன்” என்றார். அம்மா உள்ளே போய் அழுதார். புகையாக்கும்.

சட்டப்படி பார்த்தால், பதில் வருமுன் நாங்கள் செய்து, வடித்து, கொடுத்தும் முடித்துவிட்டோம். அப்பா நினைவூட்டல் கடிதம் இரண்டு அனுப்பினார். பந்தல் கவ்வாத்து வெட்டித் துளிர்த்து, மறுபடி பூத்தது.

ஒருநாள் தபாற்காரர் படலையில் மணி அடித்து, மாமாவின் முழுப் பெயரை, முன்னால் ‘திரு’ சேர்த்து, உரக்க வாசித்தார். அரசாங்க முத்திரை போட்ட நீளமான மண்ணிறக் கடித உறை. மாமாவின் பெயருக்கு அரசாங்கத்திலிருந்து அதற்கு முன் வந்தவையெல்லாம் நீதிமன்றத்துக்கு வரச் சொல்லும் கட்டளைகள் என்பதை நான் பெரியவளான பிறகுதான் அறிந்தேன். அவர் கடிதத்தை வாங்கவில்லை. கிணற்றடிக்குப் போய், கையையும் முகத்தையும் கழுவி, சால்வையில் துடைத்துவிட்டு வந்து, இரண்டு கையாலும் வாங்கினார். உள்ளே இரண்டு வரி. மருந்துத் தேவைக்கான மேற்படி தயாரிப்புக்கு ஆட்சேபனை இல்லை. அப்பா அதை வாசித்துக் காட்டினார். மாமா இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். மூன்றாம் தரம் அம்மா கேட்டார்.

எல்லாம் முடிந்துபோன ஒரு காரியத்துக்கு, இவ்வளவு பிந்தி வந்த ஒரு கடிதத்தை மூன்று பெரியவர்கள் ஏன் இப்படிச் சுற்றி நிற்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அரசாங்கக் கடிதம் ஆகையால் உறையில் முத்திரை அச்சடித்திருந்தது. உரித்து என் கொப்பியில் ஒட்ட ஒரு தபால்தலை கூட இல்லை. அந்த ஏமாற்றத்தில், கடிதம் வந்த நாளை மட்டும் கொப்பியில் எழுதி வைத்தேன்: பங்குனி மாதம், மூன்றாம் திங்கட்கிழமை.